ஒரே வேகம், இரண்டு வகுப்பு

முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா? விரைவு வண்டியில் இடம் பிடிக்க முனையும் இளைஞர் முன் இன்று நிற்கும் கேள்வி இது. சிறு கேள்விதான். ஆயினும், சிறு விதைக்குள் ஆலமரம் அடங்கிக் கிடப்பதுபோல, சிறு கேள்விக்குள் பெரும் பிரச்சினை அடங்கிக் கிடப்பதுண்டு.

விடை கூறுவோர் பலர் உளர். "அகன்ற இருக்கை, அமைதியான சூழல், அன்பான உபசரிப்பு, பணம் இருப்பின் முதல் வகுப்பே நன்று" என்பர் ஒரு சாரார். "வீண் செலவு, இரண்டாம் வகுப்பே போதும்" என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் இருக்கையின் அகலத்தை அளக்கின்றனர். கட்டணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கின்றனர். நாம் வாங்குவது என்ன, யாரிடமிருந்து விலகி அமர்வதற்காக அதை வாங்குகிறோம் என்று கேட்பாரைத்தான் காணோம். அக்கேள்வியை நாம் கேட்போம். ஏன், எதற்கு என்று கேட்பதன்றோ பகுத்தறிவின் முதற்படி!

காலடிப்பேட்டையிலிருந்து புறப்படுவோம். வடசென்னையில், திருவொற்றியூரை ஒட்டிக் கிடக்கும் உழைப்பாளர் பகுதி அது. காலடி என்ற சொல்லைக் கேட்டதும் ஏதேனும் திருவடிக் கதை இருக்குமோ என்று எண்ணுவார் உண்டு. உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். காலெட்பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. கும்பினி துணி வாணிபம் செய்ய, நெய்து கொடுத்தவர் ஊர். பின்னர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், கடலில் வலை வீசியவரும், தீப்பெட்டி ஆலையிலும் வண்டி ஆலையிலும் வியர்வை சிந்தியவரும் வாழ்ந்த வட்டாரம். அருகிலுள்ள இராயபுரத்திலிருந்துதான் 1856 ஜூலை முதல் நாள், தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இருப்புப்பாதையின் வரலாறு இவ்வட்டாரத்து மக்களுக்குப் பாட்டன் காலத்துச் செய்தி.

அந்தக் காலடிப்பேட்டைக்கு 2021 பிப்ரவரி 14 ஆம் நாள் மெட்ரோ இரயில் வந்தது. வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த பாதை விம்கோ நகர் வரை நீண்டது. வந்த வண்டியில் வகுப்பு இல்லை! துறைமுகத் தொழிலாளி ஏறும் கதவு வழியேதான் துறைமுக அதிகாரியும் ஏற வேண்டும். இருவருக்கும் ஒரே சீட்டு, ஒரே இருக்கை.

எப்போதும் அப்படி இருந்ததா? இல்லை. 2015 ஜூன் 29 ஆம் நாள் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, நான்கு பெட்டி கொண்ட வண்டியில் ஒரு பகுதியைத் தடுத்து, 'சிறப்பு வகுப்பு' என்று பெயரிட்டு, இருமடங்கு கட்டணம் வாங்கினர். அதே தண்டவாளம், அதே மின்சாரம், அதே குளிர்காற்று, அதே வேகம். கட்டணம் மட்டும் இரட்டிப்பு. சிறப்பு எதிலே? நெரிசலில் நிற்பவனைத் தடுப்புக்கு அப்பால் இருந்து பார்க்கலாம் என்பதிலே! 2020 ஆம் ஆண்டின் இறுதியில் அந்தச் சிறப்பு வகுப்பு ஒழிந்தது. ஒழிந்த இடம் பெண்களுக்கான பகுதியாயிற்று. அதன் பின்னரே மெட்ரோ காலடிப்பேட்டையை அடைந்தது.

இந்த மாற்றத்தைச் சற்றே நின்று பார்க்க வேண்டுகிறோம். வண்டியில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னரும் ஒதுக்கப்பட்டே இருந்தது. மாறியது ஒதுக்கீட்டின் காரணம். முன்னர் அவ்விடத்தின் வாயிலில் நின்று கேட்ட கேள்வி, "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்பது. பின்னர் கேட்டது, "உனக்கு என்ன தேவை?" என்பது. நெரிசலில் இடிபடுவோர்க்கும் இழிசெயலுக்கு அஞ்சுவோர்க்கும் தனியிடம் தருவது நீதி. பையின் கனத்தைப் பார்த்துத் தனியிடம் தருவது வாணிபம். பிரிவுகள் எல்லாம் ஒன்றே என்று வாதிடுவோர்க்கு, இடஒதுக்கீடும் ஏற்றத்தாழ்வும் ஒன்றே என்று குழப்புவோர்க்கு, இந்த ஒரு பெட்டியே போதிய பாடம்.

தமிழில் 'வகுப்பு' என்ற சொல்லே வேடிக்கையானது. பள்ளியின் அறையும் வகுப்பு. இரயிலின் பெட்டியும் வகுப்பு. பிறப்பால் வகுத்த பிரிவும் வகுப்பு. 1921 இல் நீதிக்கட்சி ஆட்சி வெளியிட்ட ஆணையை வகுப்புவாரி ஆணை என்றே அழைத்தோம். ஒரே சொல், ஒடுக்கவும் பயன்பட்டது. ஒடுக்கப்பட்டோரை உயர்த்தவும் பயன்பட்டது. ஆகவே சொல்லைக் கண்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அச்சொல் யாருக்கு வேலை செய்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

காலடிப்பேட்டையில் ஏறியவர் வகுப்பில்லா வண்டியில் சென்ட்ரல் வந்து இறங்குகிறார். அங்கே காத்திருக்கிறது வந்தே பாரத். கோவைக்குப் போக வேண்டுமானால், இப்போது அவர் வகுப்பைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

வந்தே பாரத் நம் வடசென்னையின் கைவண்ணம். 1955 இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2018 ஆம் ஆண்டு உருவானது அதன் முதல் வண்டி. 2022 நவம்பரில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையிலும், 2023 ஏப்ரலில் சென்னைக்கும் கோவைக்கும் இடையிலும் ஓடத் தொடங்கியது. உலகில் அதிவேக இரயில் என்றால், புதிய பாதையில் மணிக்கு 250 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பர். நம் வண்டிக்கு அந்த வேகம் இல்லை. ஆயினும், இன்று நம்மிடையே ஓடும் வேக வண்டி அதுவே. தேர்வு என்ற கேள்வி நம்மிடம் எழுவதும் அதிலேதான்.

அதில் இரு வகுப்புகள். ஒன்று சேர் கார். மற்றொன்று எக்சிகியூட்டிவ் சேர் கார். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று எழுத நாணம் போலும்! நாணம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் 1969 இல் வகுப்பு என்ற பெயரை ஒழித்தனர். உயர்ந்த பெட்டிக்குக் 'கிரீன் கார்' என்று பெயரிட்டனர். அகன்ற இருக்கையும் கூடுதல் கட்டணமும் அப்படியே இருந்தன. நம் நாட்டிலும் 1974 இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் நீங்கியது. அதில் பயணம் செய்தவர் ஒரே நாளில் இரண்டாம் வகுப்பார் ஆயினர். மரப்பலகை மரப்பலகையாகவே இருந்தது. பெயரை மாற்றுவது எளிது. எக்சிகியூட்டிவ் என்றால் நிர்வாகி. அப்பெட்டியில் அமர்பவர் எதை நிர்வகிக்கிறார்? தம் இருக்கையைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் தவிர வேறு நிர்வாகம் அங்கில்லை.

கணக்குப் பார்ப்போம். பகுத்தறிவாளன் கணக்குக்கு அஞ்சுவதில்லை. சேர் கார் பெட்டியில் ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கைகள். நடுப்பெட்டிகளில் 78 பேர் அமரலாம். எக்சிகியூட்டிவ் பெட்டியில் வரிசைக்கு நான்கு. 52 பேர் அமரலாம். அதாவது, மேல்வகுப்பார் ஒருவர் எடுத்துக்கொள்ளும் இடம், கீழ்வகுப்பார் எடுத்துக்கொள்வதைப் போல் ஒன்றரைப் பங்கு. கோவை வண்டி தொடங்கிய 2023 இல், சென்னையிலிருந்து கோவைக்குச் சேர் கார் கட்டணம் 1,365 ரூபாய், எக்சிகியூட்டிவ் கட்டணம் 2,485 ரூபாய், உணவும் அடக்கம். ஒன்றரைப் பங்கு இடத்துக்கு ஒன்றரைப் பங்கு கட்டணம் என்றால் 2,048 ரூபாய் ஆகிறது. எஞ்சிய 437 ரூபாய் எதற்கு? சுழலும் நாற்காலிக்குக் கொஞ்சம், உணவுத் தட்டின் மெருகுக்குக் கொஞ்சம் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம்? மிச்சம் பெயருக்கு! "நான் அங்கில்லை, இங்கிருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும் இன்பத்துக்கு!

வேகமோ? 495 கிலோமீட்டர் தொலைவை ஐந்து மணி ஐம்பது நிமிடத்தில் கடக்கும் என்றே அன்று அறிவித்தனர். 2,485 தந்தவரும் 1,365 தந்தவரும் கோவை நடைமேடையில் ஒரே நிமிடத்தில் இறங்கினர். மாட்டுவண்டிக் காலத்தில் சீமானின் குதிரைவண்டி முன்னே போகும். உழவனின் கட்டைவண்டி பின்னே வரும். பணத்துக்கு வேகம் கிடைத்தது. இரயிலோ, குடிசைவாசியையும் கோட்டைவாசியையும் ஒரே எஞ்சினில் பூட்டி இழுத்தது. இயந்திரம் சமத்துவம் பேசிற்று. மனிதன்தான் இடையே தடுப்பு வைத்தான்.

தடுப்பின் தந்திரத்தை அன்றே கண்டு சொன்னவர் ஒருவர் உண்டு. தூப்யூயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், 1849 இல் எழுதினார். அந்நாளில் அங்கே மூன்றாம் வகுப்பு வண்டிகளுக்குக் கூரையில்லை. வெறும் பலகையே இருக்கை. கூரை போடப் பணமில்லையா? இருந்தது. ஏழையை வதைக்க வேண்டுமென்ற வன்மமா? அதுவுமில்லை. கூரை போட்டுவிட்டால், இரண்டாம் வகுப்புக்குப் பணம் தரக்கூடியவனும் மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்துவிடுவானே என்ற அச்சம்! வசதியுள்ளவனை மிரட்டுவதற்காக வசதியில்லாதவனை வெயிலில் வாட்டினர். கீழ்வகுப்பின் துன்பம் தற்செயலன்று. மேல்வகுப்பின் விற்பனைக்குச் செய்யப்பட்ட விளம்பரம் என்பது அவர் கண்ட உண்மை. நம் வந்தே பாரத்தின் சேர் கார் கூரையற்ற வண்டியன்று; குளிரூட்டப்பட்டது, தூய்மையானது. அதை நேர்மையோடு ஒப்புகிறோம். ஆனால், எங்கே இரு வகுப்பு உண்டோ, அங்கே கீழ்வகுப்பை மிக நன்றாகச் செய்துவிடக்கூடாது என்ற ஆசை விற்பவன் உள்ளத்தில் குடியிருக்கும். அதைக் காவல் காப்பது பயணியின் கடமை.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றையும் எடுத்துப் பார்ப்போம்.

"மேல்வகுப்பார் தரும் அதிகப் பணத்தால்தானே கீழ்வகுப்பார்க்கு மலிவாகச் சீட்டுக் கிடைக்கிறது?" என்பர். மறுக்கவில்லை. 78 பேர் தரும் 1,365 ரூபாயைக் கூட்டினால் 1,06,470. 52 பேர் தரும் 2,485 ரூபாயைக் கூட்டினால் 1,29,220. நிறைந்து ஓடினால், மேல்வகுப்புப் பெட்டி அதிகம் ஈட்டுகிறது. நன்று! ஆனால், ஈட்டிய பணம் எங்கே போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. முன்பதிவில்லாப் பெட்டியின் வாயிற்படியில் தொங்குகிறானே ஒருவன், அவனுக்கு ஒரு பெட்டி கூடுதலாக வருமானால் அந்த வாதம் வாழ்க! வராதென்றால், ஏழையின் பெயரைச் சொல்லிச் சீமானுக்குச் செய்யும் அலங்காரமே அது.

மற்றொரு வாதம் இன்னும் வலிமையானது. நம் தோழர்களே எடுத்துரைப்பது. "நேற்றுவரை ஒதுக்கப்பட்டவன் இன்று படித்து, வேலை பெற்று, முதல் வகுப்பில் கால்மேல் கால் போட்டு அமர்கிறான். அதைக் குறை சொல்வது நியாயமா?" என்கின்றனர். குறை சொல்லவில்லை தோழர்களே! வரலாறு அறிவோம். 1893 இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டு கையிலிருந்தும் காந்தியாரை நிறத்தின் பெயரால் வெளியே தள்ளினர். பணம் கேட்ட சீட்டைவிடக் கொடியது, பிறப்பைக் கேட்ட பார்வை. நம் நாட்டிலோ, இரயிலில் ஒரே பலகையில் உட்கார்ந்து வந்தவர், நிலையத்தில் இறங்கிப் பசியாற உணவுவிடுதிக்குப் போனால், பிராமணாளுக்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம்! எஞ்சின் இணைத்ததை இட்லி பிரித்தது! பெரியாரும் நீதிக்கட்சியினரும் ஓயாது எதிர்த்ததன் விளைவாக, 1941 இல் அப்பிரிவு அகன்றது. ஆகவே, பிறப்பு மூடிய கதவைப் பணம் திறந்தபோது, அது ஒரு படி முன்னேற்றமே. திறந்த கதவுள் நுழைந்தவரை வாழ்த்துகிறோம்.

ஆனால், நுழைந்தவர் திரும்பிப் பார்த்துத் தாழிடலாமா? அதுதான் நம் கேள்வி. ஒதுக்கப்பட்டவன் வென்றதன் அடையாளம், அவனும் ஒதுக்கத் தொடங்குவதன்று. நீதிக்காகப் போராடிய அதே பெரியார், வசதி இருந்தும் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார் என்பதை நாடறியும். முதல் வகுப்பில் அமரும் உரிமைக்குப் போராடுவது வேறு. முதல் வகுப்பிலேதான் பெருமை இருக்கிறதென்று நம்புவது வேறு. முன்னது தன்மானம், பின்னது தன்மானத்தின் வேடமிட்ட தாழ்வுணர்ச்சி.

சரி, மாற்று என்ன? மேல்வகுப்பின் மெத்தையைக் கிழிக்கச் சொல்கிறோமா? இல்லை. கீழ்வகுப்புக்கு மெத்தை போடச் சொல்கிறோம். அதுவே வரலாறு காட்டிய வழி.

இங்கிலாந்தில் மிட்லண்ட் இரயில் கும்பினி, ஜேம்ஸ் ஆல்போர்ட் என்பவர் நிர்வாகத்தில், 1875 இல் இரண்டாம் வகுப்பையே ஒழித்தது. மூன்றாம் வகுப்புப் பலகைக்கு மெத்தை போட்டது. மற்றக் கும்பினிகள் பதறின. பிறகு காலப்போக்கில் தாமும் அவ்வழியே வந்தன. பாரிஸ் நகரின் சுரங்க இரயில் 1900 இல் முதல் வகுப்போடு பிறந்தது. 1991 இல் அதை ஒழித்தது. நகரம் மூழ்கிவிடவில்லை. நம் நாட்டில், 1917 இல் காந்தியார் மூன்றாம் வகுப்புப் பயணத்தின் அவலத்தை எழுதினார். மேல்வகுப்பார் தரும் பணத்தின் விகிதத்துக்கு ஏற்றபடியேனும் வசதியில் பங்கு கீழ்வகுப்பார்க்கு உண்டா என்று கேட்டார். கேட்டு அறுபது ஆண்டுகள் சென்ற பின்னரே, 1977 இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்பு மரப்பலகைமீது இரண்டு அங்குல நுரை மெத்தை போடச் செய்தார். இரண்டு அங்குலம்! எத்தனை கோடி முதுகெலும்புகளுக்கு அந்த இரண்டங்குலம் ஆறுதல் அளித்தது! பளபளக்கும் ஒரு பெட்டி ஐம்பது பேருக்கு இன்பம் தரும். எளிய மெத்தை ஒன்று ஒரு நாட்டுக்கே உறக்கம் தரும். எது முன்னேற்றம் என்று கேட்டால், தயங்காது மெத்தையைக் காட்டுவோம்.

இளைஞர் கேட்ட கேள்விக்கு இனி நேராக விடை கூறுவோம்.

முதுமை, நோய், ஊனம், பருத்த உடல், நீண்ட கால், கைக்குழந்தை. இவற்றால் அகன்ற இருக்கை தேவைப்படுமானால், முதல் வகுப்பில் செல்க, கூசற்க. தேவைக்கு வாங்குவது குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது: உடலின் தேவைக்குரிய இடத்தைப் பணத்தின் விலைக்கு விற்பதிலே! மூட்டு வலிக்கும் கிழவிக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். அவளிடம் 2,485 ரூபாய் இல்லை. மூட்டு வலியில்லாத வாலிபனிடம் அது இருக்கிறது. இடம் வாலிபனுக்குப் போகிறது. மெட்ரோவில் தடுப்பின் காரணத்தை மாற்ற முடிந்ததே, இங்கே முடியாதா? ஒவ்வொரு பெட்டியிலும் சில வரிசைகளை அகலமாக அமைத்து, கட்டணம் கூட்டாமல், முதியோர்க்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் ஒதுக்கினால் வண்டி ஓடாதா?

தேவை ஏதும் இல்லையெனில், இரண்டாம் வகுப்பில் செல்க. சிக்கனத்துக்காக மட்டும் அன்று, காவலுக்காக! படித்தவரும் பேசத் தெரிந்தவரும் முதல் வகுப்புக்குப் போய்விட்டால், இரண்டாம் வகுப்பின் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று எழுதுவார் யார்? குரலுள்ளவன் வெளியேறிய பெட்டி குரலற்ற பெட்டியாகும். குரலற்ற பெட்டி கேட்பாரற்ற பெட்டியாகும். அரசுப் பள்ளிக்கும் அரசு மருத்துவமனைக்கும் நேர்ந்த கதை அதுதானே? வசதியுள்ளோர் தனியாரிடம் ஓடினர். எஞ்சியோர் குறை அம்பலம் ஏறவில்லை. இரயிலிலும் அதே கதை வேண்டாம். நீங்கள் அமரும் இருக்கை ஒரு வாக்குச்சீட்டு. அதை எங்கே இடுகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள்.

ஒன்று மறவாதீர். முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று தேர்ந்தெடுக்கும் நாம் இருவருமே வண்டிக்குள் இருப்பவர்கள். வந்தே பாரத்தில் முன்பதிவில்லாப் பெட்டி கிடையாது. அன்றன்று கூலி பெற்று வாழ்பவனுக்கு அதில் ஏறுவது எளிதன்று. அந்த வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் வண்டியில் அவன் நின்றுகொண்டிருப்பான். அவனையும் கணக்கில் கொண்டால், வகுப்பு இரண்டல்ல. இருக்கைகளை ஒப்பிட்டு எழுதும் கட்டுரைகள், அவனைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. வேகம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வேகம் எல்லோர்க்கும் வேண்டும் என்பதே. பெரம்பூரில் வந்தே பாரத்தைச் செய்யத் தெரிந்த கைகளுக்கு, எளியவன் அமரும் நல்ல பெட்டியைச் செய்யவும் தெரியும். செய் என்று சொல்லும் ஆணைதான் வேண்டும். ஆணை பிறக்க, மக்கள் குரல் வேண்டும்.

கும்பினிக்காரன் பெயர் தாங்கிய காலடிப்பேட்டை, தன் வண்டியில் வகுப்பில்லாமல் பயணம் செய்கிறது; சென்ட்ரல் இன்னும் வகுப்புப் பிரித்து அனுப்புகிறது. சிறிய ஊர் அறிந்த பாடத்தைப் பெரிய நிலையம் கற்கும் நாள் வர வேண்டும். வருமா என்று கேட்டுக் கைகட்டி நிற்பவர் நாமல்லர். ஒரே வேகத்தில் செல்லும் மக்களுக்கு ஒரே மதிப்பு என்று கேட்டு வாங்குவோம்!